எரிந்து அணைய வேண்டிய விளக்கு

எங்கள் காரின் மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு குட்டி மனிதன் இருக்கிறான். பெல்ட் போட்டுக்கொண்டு, மூஞ்சிக்கு நேரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏர்பேக்கில் கோளாறு வந்தால் அவன் எரிவான். மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் ஆம்பூர் ஃபேக்டரிக்குப் போகும் வழியில், மாதனூரைத் தாண்டும்போது பார்க்கிறேன், எரிந்துகொண்டிருக்கிறான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பினேன். அசையவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

வேறு சமயமாக இருந்தால் பழைய வண்டி, ஏதோ ஒன்று எரிகிறது என்று விட்டிருப்பேன். பன்னிரண்டு வயசுக் கார் அது, நாங்கள் வாங்கியதே மூன்றாவது கையாக. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. சோளிங்கரில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாசம். வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்குப் பள்ளிகொண்டாவுக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பின்சீட்டு ஆகாது. ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் வாந்தி எடுப்பாள். இப்போது கேட்கவே வேண்டாம். முன்சீட்டில்தான் வர முடியும் அவள், வயிற்றில் குழந்தையோடு. ஏர்பேக்கும் அந்த முன்சீட்டுக்குத்தான்.

வாடகைக் கார் பிடிக்கலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். போன தடவை அப்படித்தான் பிடித்தோம். அந்த டிரைவர் வேலூர் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே பூந்து பூந்து ஓட்டியதில், இறங்கும்போது பெண்ணுக்குக் கால் நடுங்கியது. இனிமேல் நீ வந்து கூட்டிப் போனால்தான் வருவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். வண்டி ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரர் குடியாத்தத்தில் நாலு பவர்லூம் தறி போட்டு லுங்கி நெய்கிறவர், ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். தறி ஓட்டுகிற கை வேறு எதையும் ஓட்டாது என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நான் ஷூ ஃபேக்டரியில் செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் சம்பளமில்லாமல் அதே வேலையைச் செய்கிறேன் என்பது வீட்டுக்காரரின் புகார். அந்த வாரம் அவருக்குப் புகார் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை நான். சாப்பிடும்போது ஏர்பேக், படுக்கும்போது ஏர்பேக். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இந்த விளக்கு எரிந்தால் மோதும்போது பை விரியாமல் போகலாம் என்று போட்டிருந்தது. போன வருஷம் எங்கள் கட்டிங் செக்ஷன் மேஸ்திரி ரோட்டின் நடுச்சுவரில் மோதி, பை விரிந்ததால் மூக்கில் ஒரு கீறலோடு எழுந்து வந்தார். அந்தக் காரை நான் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் மொத்தமும் நசுங்கிக் கிடந்தது. அதன் பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

குடியாத்தம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்த். அவரிடம் கொண்டுபோய் விட்டேன். பழைய வண்டி என்றால் இது வருவதுதான் என்றார். ஸ்டியரிங்குக்குள் ஒரு சுருள் ஒயர் இருக்கும், திருப்பித் திருப்பி அது தேய்ந்துபோகும், அதுவாக இருக்கும் என்றார். அது போனால் ஹாரனும் போகும் இல்லையா என்று கேட்டேன், புத்தகத்தில் படித்ததை வைத்து. ஆமாம் என்றார். ஹாரன் அடிக்கிறதே என்றேன். "அண்ணி ஹாரன் அடிக்கிறது ஊருக்கே தெரியும்" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பேட்டரி முனைகளைச் சுத்தம் பண்ணிப் பார்த்தார். சில வண்டியில் பேட்டரி வீக்கானாலும் எரியுமாம். அதற்கும் அணையவில்லை. ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள், பார்த்து வைக்கிறேன் என்றார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரரே தோஸ்த்தோடு வண்டியில் வந்து இறங்கினார். சரியாகிவிட்டது என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குட்டி மனிதன் இல்லை. அப்பாடா! இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன், தோஸ்த்துக்கு முறுக்கும் வைத்தேன். ரங்கநாதர் கோயிலுக்குப் போய்த் துளசி சாத்திவிட்டு, அங்கிருந்தே மகளுக்குப் போன் பண்ணினேன். முன்சீட்டு உனக்குத்தான், நிம்மதியாக இரு என்றேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் ஃபேக்டரியில் ஊசி பிடிக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. தைக்கும்போது ஊசி முனை உடைந்து ஷூவுக்குள் தங்கிவிட்டால், அந்த ஷூவை மிஷினுக்குள் விட்டதும் அது கூவும். குழந்தைகள் ஷூ என்றால் ஒன்று விடாமல் அதற்குள் போய் வந்தாக வேண்டும். ஆனால் தினமும் காலையில் ஷூவை விடுவதற்கு முன், உள்ளே ஒரு துளி இரும்பு வைத்த அட்டையை விடுவோம். கூவினால்தான் லைன் ஓடும். கூவவில்லை என்றால் மிஷின் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். செத்த மிஷின் எல்லா ஷூவையும் நல்ல ஷூ என்றுதான் சொல்லும். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மறுநாள் காலை பேக்கிங் பெண் அட்டையை விட்டாள். மிஷின் கூவியது. நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டு இருக்கும்போதே கார் ஞாபகம் வந்தது. காலையில் சாவி திருப்பியபோது என்னவெல்லாம் எரிந்தது? ஆயில் எரிந்தது, பேட்டரி எரிந்தது, ஹேண்ட் பிரேக் எரிந்தது. எல்லாம் எரிந்துதான் அணைந்தன, விளக்கு உயிரோடு இருக்கிறது என்று காட்ட. அந்தக் குட்டி மனிதன் எரிந்தானா?

சாப்பாட்டு பெல் அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். சாவியைப் பாதி திருப்பினேன். எல்லா விளக்கும் வந்தது. அவன் இடம் மட்டும் இருட்டு. மறுபடி திருப்பினேன். இருட்டு. கோளாறைச் சரி பண்ணவில்லை, விளக்கின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். இதை நம்பித்தான் மகளிடம் நிம்மதியாக இரு என்று சொன்னேன். கோபமா பயமா என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தேன். உங்கள் தோஸ்த் இன்னா வேலை பண்ணி வச்சிருக்கான் தெரியுமா, அவன் ஷெட்டை இழுத்து மூடுகிறேன் பாருங்கள், அது இது என்று கத்தினேன். வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் வேணான்னுதான் சொன்னான். நான்தான் மறைக்கச் சொன்னேன்."

செருப்போடு அப்படியே அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீ ஒரு வாரமா தூங்கலை, சாப்பிடலை. பேஜாராகி நீ படுத்துட்டா யாரு வண்டி ஓட்றது? எப்படியும் நீ மெதுவாத்தான் ஓட்டுவே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்" என்றார்.

"உள்ள உக்காரப் போறது உம் பொண்ணு" என்றேன். முப்பது வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். அவரும் அதைக் கவனித்தார். காலையில் நான் எழும் முன்பே சட்டை போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார்.

ஷெட்டில் தோஸ்த் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மீட்டர் பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து கறுப்பு டேப்பை உரித்தார். சிவப்பு மனிதன் மறுபடி எரிந்தான். அவனைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தது? பிறகு தோஸ்த் வேலூரிலிருந்து தெரிந்தவர் ஒருவரை ஸ்கேனரோடு வரவழைத்தார். கைக்கு அடக்கமான பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகியதும் திரையில் வரி வரியாக ஓடியது. வந்தவர் படித்துச் சொன்னார். ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது, பைகள் நன்றாக இருக்கின்றன. முன்சீட்டின் இடது பக்கம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சாதனத்துக்குப் போகும் ஒயரில்தான் தொடர்பு விட்டு விட்டு வருகிறதாம். ஒரு ஒயர் ஆடினாலும் அந்த விளக்கு எரிந்துவிடும் என்றார்.

இடது முன்சீட்டு. என் மகள் உட்காரப்போகும் சீட்டு.

தோஸ்த் பேட்டரியைக் கழற்றி வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஏர்பேக் ஒயரில் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாதாம். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் கையை விட்டுத் துழாவினார். ஏதோ சிக்கியிருக்கிறது என்றார். இழுத்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியில் ஒரு மூட்டை வந்தது. அவிழ்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொட்டலங்கள், ஷூ டப்பாவில் ஈரம் இழுக்கப் போடுகிற பொட்டலங்கள். எங்கள் பக்கம் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் பட்டுப் புடவைக்கு அடியில் அது இருக்கும். ஃபேக்டரியில் வேலை செய்கிற யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வீடு இருக்கிறோமே. ஆனால் காருக்குள் நான் வைக்கவில்லை.

லுங்கித் துணியைப் பார்த்தேன். பிறகு லுங்கி நெய்கிறவரைப் பார்த்தேன்.

எங்கள் காரின் சீட்டுக்கு அசல் தோல் உறை. ஃபேக்டரியில் கழித்த தோலில் தைத்தது. மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடித்து நாறும், நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு புலம்புவேன். மகள் மசக்கையில் இந்த வாடை பட்டால் குமட்டுவாள் என்று, என் பீரோவிலிருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்து மூட்டை கட்டி, கண்ணுக்குத் தெரியாதபடி அவள் சீட்டுக்கு அடியில் ஆழமாகத் திணித்திருக்கிறார் மனுஷன். சீட்டை முன்னால் பின்னால் தள்ளும்போது மூட்டை ஒயரை இழுத்து, மஞ்சள் கனெக்டர் பாதி கழன்றுவிட்டது. "வாடை கம்மியாச்சா இல்லியா, அதைச் சொல்லு" என்றார் மெதுவாக.

தோஸ்த்தான் முதலில் சிரித்தார். ஸ்கேனர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்தது, அடக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நீங்கள் இனிமேல் யார் மேலாவது பாசம் காட்டுவதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டுங்கள் என்றேன்.

கனெக்டரைச் சுத்தம் பண்ணி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தி, ஒயர் இனிமேல் இழுபடாதபடி கட்டினார் தோஸ்த். பேட்டரியை மாட்டினார். ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்தார்கள். என்னைச் சாவி திருப்பச் சொன்னார்கள். குட்டி மனிதன் எரிந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அணைந்தான். மறுபடி திருப்பினேன். எரிந்து அணைந்தான். சீட்டை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளித் திருப்பினேன். "போதும் அண்ணி, சாவி தேஞ்சிடும்" என்றார் தோஸ்த். அவர் சொன்ன பிறகும் ஒரு தடவை திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு மகள் முன்சீட்டில் ஏறினாள். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை நானே வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டிப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் சீர்த்தட்டுகளோடு பின்னால் உட்கார்ந்தார். வழியனுப்ப வந்த சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் குனிந்து நின்றார். சாவி திருப்பியதும் மகள் பதறினாள்.

"ம்மா, செவப்பா ஏதோ எரியுது பாரு."

"எரியணும். பார்த்துக்கினே இரு" என்றேன். அணைந்தது. சம்பந்தியம்மாவும் நிமிர்ந்து நின்று கையாட்டினார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். ராணிப்பேட்டை தாண்டும்போதே பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. மகள் வாந்தி எடுக்கவில்லை, வாடை வருகிறது என்றும் சொல்லவில்லை. அப்பா செய்து வைத்த வேலையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேலூர் தாண்டி, விரிஞ்சிபுரம் வருவதற்கு முன் அவளுக்கு அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. ஓர் ஓட்டல் வாசலில் நிறுத்தினேன். வந்து ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள். நான் சாவியைத் திருப்பினேன்.

பின்னால் குறட்டை நின்றது. கண்ணைத் திறக்காமலேயே கேட்டார் வீட்டுக்காரர்.

"அணைஞ்சிச்சா?"

"அணைஞ்சிச்சு. நீங்க தூங்குங்க" என்றேன்.