சும்மா இருமல்

இது நடந்தது. அய்யாவு பொய் சொல்லாத ஆள் இல்லை. அதை அவரே சொல்வார். அவர் சொன்னதிலேயே மோசமான பொய் இரண்டே சொல்தான். அதற்குப் பிறகு நடந்ததை, அவர் சொன்ன தேதியும் மணியும் மாறாமல் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

1943. ஜப்பான்காரன் பிடித்திருந்த மலாயாவில், மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போனபோது பங்களாவையும் செம்பழுப்பு நிறக் குதிரை ஒன்றையும் விட்டுப் போனார். இரண்டையும் ஒரு ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டார். குதிரையோடு சேர்ந்து குதிரைக்காரர் அய்யாவும் அவர் கைக்குப் போனார்.

மணியையும் ஜப்பான்காரன் மாற்றிவிட்டான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். காலை ஏழு மணிக்குப் பெரட்டு. வானத்தைக் கேட்டால் பழைய ஐந்தரைதான், இன்னும் விடிந்திருக்காது. ஆபீஸ் முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம் அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பேர் கூப்பிடுவார். அவரவர் பேருக்கு 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். ஆபீசுக்குப் பின்னால்தான் லாயம். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே அய்யாவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 17. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. பட்டியலில் அய்யாவின் பேர் இருந்தது.

"ஐயா, நான் போனா குதிரை செத்துப்போகும். அதிகாரிக்கு அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் கிராணியிடம்.

தர்மலிங்கம் பென்சிலைக் கடித்தார். "ஆளுக்கு ஆள் வேணுமேய்யா. உனக்குப் பதிலா யாரை ஏத்த?"

அய்யாவு வரிசையைப் பார்த்தார். பால்வெட்டுக்கார முருகையா இருமிக்கொண்டிருந்தான். எப்போதும் ஒரே மாதிரிதான் இருமுவான். மூன்று குட்டை, ஒரு நெட்டை. பிறகு காறித் துப்புவான். துப்பியதை வலது காலால் மண் தள்ளி மூடுவான். அய்யாவு அவன் பக்கம் கையைக் காட்டினார்.

"அவன் சீக்காளிய்யா" என்றார் தர்மலிங்கம்.

"சும்மா இருமல்" என்றார் அய்யாவு.

முருகையா, நடராஜா, நடராஜாவின் தம்பி, இன்னும் எட்டுப் பேர் ஏறினார்கள். லாரி சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனைப் பார்த்துப் போனது.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 20. தர்மலிங்கம் தூக்கக் கலக்கத்தில் பழைய பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"மணியம்."

"இருக்கேன்."

"முருகையா."

யாரும் பேசவில்லை. அப்போது லாயத்திலிருந்து வந்தது...

க்ஹ். க்ஹ். க்ஹ். க்ஹ்ஹ்ஹூ...

"அட, முருகையா பேருக்குக் குதிரை ஆஜர் குடுக்குது லா!" என்றான் மணியம். வரிசையே சிரித்தது. ஆபீஸ் கடிகாரத்தில் ஏழு மணி இரண்டு நிமிடம்.

அய்யாவு சிரிக்கவில்லை. அவர் குதிரையின் முகத்துக்கு நேரே நின்றிருந்தார்.

குதிரைக்குச் சளி என்றால் மூக்கில்தான் ஒழுகும். இருபது வருடம் குதிரை பார்த்தவர் அவர். இது வாயால் துப்பியது. மஞ்சளும் பச்சையுமாக, கோழிமுட்டை அளவுக்கு. தீனித்தொட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நூலாக இறங்கியது. அதன் வாடை... புல் வாடை இல்லை. குதிரை வாடையும் இல்லை. பல் விளக்காத மனுஷ வாய். புகையிலை போட்ட வாய்.

அவர் ஒரு கை வைக்கோலை எடுத்து அதைத் துடைத்து வெளியே எறிந்தார்.

மறுநாள் தர்மலிங்கம் அந்தப் பேரைக் கூப்பிடவில்லை. மணியத்துக்கும் அடுத்த பேரான பரஞ்சோதிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சு நேரத்தில் குதிரை இருமியது. ஏழு இரண்டு.

அடுத்த நாளும் ஏழு இரண்டு. அதற்கடுத்த நாளும்.

காய்ச்சல் இல்லை. நன்றாகத் தின்றது. ஓடவிட்டால் ஓடியது. பகல் முழுக்க ஒரு செருமல்கூட இல்லை. தூசிதான் காரணமோ என்று புல்லை நனைத்துப் போட்டார். படுக்கை வைக்கோலை எரித்துவிட்டுப் புதிதாகப் பரப்பினார். சுக்கும் மிளகும் கொதிக்க வைத்து ஊற்றினார். மஞ்சள் புகை காட்டினார். எதற்கும் அடங்கவில்லை.

துப்பியதை ஒரு வாளியில் வழித்துப் போட்டு வைத்தார், கொண்டுபோய்க் கொட்டலாமென்று. சாயங்காலம் பார்த்தால் அது உறைந்திருந்தது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் ரப்பர் பால் உறைவதுபோல, மேலே வழவழப்பாக ஆடை கட்டி. குச்சியால் நெம்பினார். ஒரே வில்லையாகக் கிளம்பி வந்தது. அடியில், நன்றாக மென்ற வெற்றிலைச் சக்கை.

குதிரை வெற்றிலையைத் தொடாது.

அன்று மரவள்ளிக்கிழங்கு பிசைந்து வைத்த தட்டைத் தள்ளிவிட்டார். கையை மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்தார். விரல் இடுக்கில் அந்த வாடை போகவே இல்லை. குதிரையைத் தொடவே அருவருத்தது. அதைவிட அருவருப்பானது ஒன்று உள்ளே இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்க முடியவில்லை.

செப்டம்பர் 5. இருமிவிட்டு, துப்பிவிட்டு, குதிரை வலது முன்னங்காலை எடுத்தது.

மண்ணைத் தள்ளியது.

எச்சிலை மூடியது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து நின்றார். குதிரையின் காலை அவர் பார்க்கவில்லை. இருமலை மட்டும் கேட்டார். கடைத்தெரு மலாயில் சொன்னார்: "கூடா பாத்தோக், லு பெர்கி சயாம்." குதிரை இருமினால் நீ சயாம் போ. பன்னிரண்டாம் தேதி காலை அடுத்த லாரி வருகிறது. அன்று தானே வந்து நிற்பதாகச் சொன்னார். ஒரு இருமல் கேட்டாலும் அய்யாவு லாரியில்.

சயாம் போனவன் திரும்பியதாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

11ஆம் தேதி விடியலில் முருகையாவின் மனைவி காளியம்மா லாயத்துக்கு வந்தாள். கையில் கொட்டாங்கச்சி. அதில் சாம்பல்.

"இங்க என்னத்துக்கும்மா வந்தே?"

அவள் குதிரையின் அருகே போனாள். ஏழு இரண்டுக்குக் கொட்டாங்கச்சியைக் குதிரையின் வாய்க்குக் கீழே பிடித்தாள். அது இருமியது. ஒரு துளி சிந்தாமல் சாம்பலில் துப்பியது. வீட்டில் துப்பிப் பழகிய மாதிரி. அவள் முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நெஞ்சுலேர்ந்து ரத்தமா வரும் அவருக்கு. தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

அது இன்னொரு பொய். முருகையாவும் அவரும் அடுத்தடுத்த வீடு. நடுவில் பலகைச் சுவர்தான்.

காளியம்மா கொட்டாங்கச்சியை மூடிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பாமலே சொன்னாள்: "பேர் கூப்பிட்டா யாராச்சும் பதில் சொல்லணும்ண்ணே. சொல்ல வேண்டியவங்க சொல்லலைன்னா, வாயில்லாததுதான் சொல்லும்."

செப்டம்பர் 12.

ஆறு ஐம்பதுக்கு லாரி வந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தவில்லை. அதிகாரி லாயத்துக்குள் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஏழு மணி. பெரட்டு தொடங்கியது.

ஏழு ஒன்று. குதிரையின் விலா ஏறி இறங்கியது. தொண்டைக்குள் ஏதோ களகளவென்று... மேலே வருகிறது.

"மணியம்."

"இருக்கேன்."

தர்மலிங்கம் மூச்சு விட்டார்.

குதிரை வாயைத் திறந்தது. உள்ளே அந்த மஞ்சள்...

"இருக்கேன்!"

கத்தியது அய்யாவு.

குதிரை வாயை மூடியது. விழுங்கிய சத்தம் கேட்டது.

"பரஞ்சோதி" என்றார் கிராணி.

அதிகாரி இன்னும் ஐந்து நிமிடம் நின்றார். இருமல் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். லாரி வேறு ஆட்களோடு புறப்பட்டது. அய்யாவு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயெல்லாம் புகையிலை கசந்தது. அவர் புகையிலை போடுகிறவர் இல்லை.

மறுநாள் அவர் பேசாமல் இருந்து பார்த்தார். ஏழு இரண்டுக்குக் குதிரை தொண்டையைச் செருமியது. உடனே சொல்லிவிட்டார்: "இருக்கேன்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை, ஏறத்தாழ இரண்டு வருடம், தினமும் காலை ஏழு இரண்டுக்கு முருகையாவின் பேருக்கு அய்யாவு பதில் சொன்னார். குதிரை இருமவே இல்லை.

1946 ஜனவரியில் நடராஜா திரும்பி வந்தான். பதினோரு பேரில் அவன் ஒருவன்தான். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். லாயத்து வாசலில் உட்கார்ந்து பேசினான்.

"முருகையா சயாமுக்கு வந்தே சேரலைண்ணே. ஆகஸ்ட் இருபது. வண்டியிலேயே போயிட்டான். ஜப்பான் மணிக்குக் காலையில ஏழு."

அய்யாவு கையிலிருந்த புல்கட்டைக் கீழே வைத்தார்.

"ஆனா பேரைப் பட்டியல்லேர்ந்து ஜப்பான்காரனுங்க அடிக்கல. தினமும் கூப்பிட்டானுங்க. முதல்ல கொஞ்ச நாள், அவன் பேருக்குக் குதிரை மூச்சுவிடற மாதிரி ஒரு சத்தம். அந்தக் காட்டுல குதிரை ஏது?"

"அப்புறம்?"

"செப்டம்பர் பன்னெண்டு. என் தம்பி செத்த அன்னைக்கு. அதனாலதான் தேதி மறக்கல. அன்னையிலேர்ந்து ஆள் குரல். 'இருக்கேன்'னு."

"யார் குரல்?"

நடராஜா அவர் முகத்துக்கு நேரே திரும்பினான்.

"ரெண்டு வருஷம் அந்தக் காட்டுல என் பக்கத்துலதானேண்ணே நின்னீங்க? பேர் கூப்பிட்டா மட்டும் வாயைத் திறப்பீங்க. எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையே... ஏண்ணே?"

அய்யாவின் தொண்டையில் ஏதோ ஏறியது. திரும்பிக் காறித் துப்பினார். வலது கால் தானாக மண்ணைத் தள்ளியது.

நடராஜா அந்தக் காலைப் பார்த்தான்.

"அங்கயும் இப்படித்தான் மூடுவீங்க" என்றான்.