படம் போடும் கார்டில் குளத்துக் கணக்கு

என் மாமனாருக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் நடுவே நாற்பது வருஷமாக ஒரு மடை இருக்கிறது. கடிகாரம் இருந்ததில்லை. தண்ணீர் முறை வரும்போது தோப்புக்காரர் முதலில் குளத்திலிருந்து மோட்டார் போட்டுத் தன் மேட்டுத் தென்னைக்குப் பாய்ச்சிக்கொள்வார். போதும் என்று தோன்றியதும் மோட்டாரை நிறுத்தி, மடையைத் திறந்துவிட்டு, "ஏலே, வருதுடா" என்று போனில் ஒரு வார்த்தை சொல்வார். மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்புவார். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று விவசாயச் சங்கத்து நோட்டில் எழுதித்தான் இருக்கிறது. அதை இருவரும் ஒருநாளாவது பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இப்பேர்ப்பட்ட இரண்டு பேரை ஒரே வெள்ளிக்கிழமையில் பிரித்துவைத்த பெருமை எனக்கு உண்டு. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். டாக்டர் பட்டத்துக்கு ஆய்வும் செய்கிறேன். படிக்காத ஆளால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

ஆய்வே எங்கள் வாய்க்காலைப் பற்றியதுதான். மலை அணையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிற தண்ணீர் ஆற்றோடு வந்து, உத்தமபாளையம் பக்கம் எங்கள் கிளை வாய்க்காலில் திரும்பி, தோப்பை ஒட்டிய சிறிய குளத்தில் தேங்கி, அங்கிருந்து எங்கள் நெல்வயலுக்கு வருகிறது. குளத்தில் ஓர் அளவுகோலை நட்டு, காலையும் மாலையும் நீர்மட்டம் குறித்துவந்தேன். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, வெயில் குடித்தது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு என்று ஒவ்வொரு விநாடிக்கும் கணக்குப் போடும் நிரலை எழுதினேன். மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பதை மட்டும் நேராக அளக்க முடியவில்லை. அதனால் நிரல் ஆயிரக்கணக்கான ஊகங்களைப் போட்டுப் பார்த்து, எந்த ஊகத்தில் குளத்தின் மட்டம் என் அளவுகோலோடு பொருந்துகிறதோ அதைச் சொல்லும்.

இவ்வளவு கணக்கையும் என் மடிக்கணினியில் போட்டால் அது அடுப்பாகச் சுடும். நல்லவேளையாக என் கணவர் கம்பம் டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய ஸ்டுடியோவில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் கார்டுக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். அவர் மண்டபத்துக்குப் போகும் நாட்களில் கம்ப்யூட்டர் எனக்கு. கணக்கு பறந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மாமா, தோப்பு மோட்டார் முறைக்கு மேல ஓடுது. கிட்டத்தட்டப் பாதி கூட. மெசின்ல தெளிவா வந்திருச்சு."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"மூணு தடவ ஓட்டிட்டேன் மாமா."

மாமாவுக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு போனை எடுத்தார். "ஏலே, எம் மருமக டாக்டருக்குப் படிக்கிற புள்ள. அது பொய்யா சொல்லும்? கேட்டிருந்தா குடுத்திருப்பேனடா!" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து தோப்புக்காரர், "சரி. இனிமே மணி பாத்தே பாய்ச்சிக்கிருவோம்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் வீடே கேட்டது.

அன்றிலிருந்து "ஏலே" போய்விட்டது. தோப்புக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். "ஆறு மணி பன்னெண்டு நிமிசம். மோட்டார் போட்டாச்சு." மாமா பதிலுக்கு, "கேட்டாச்சு" என்பார். "ஒம்பது பன்னெண்டு. மோட்டார் நிறுத்தியாச்சு." "கேட்டாச்சு." மாமி இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "ரெண்டு பேரும் ரேடியோவுல நியூசு வாசிக்கிறாக" என்றார். முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மாமா சாயங்கால டீக்கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே டீ கேட்டு, அதையும் பாதி வைத்துவிட்டு எழுந்து போனபோது சிரிப்பு நின்றது. அந்தக் கடையில் அவருக்கு எதிரே உட்காருகிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றுவட்டாரத்தில் கரண்ட் கிடையாது. வாய்க்காலில் தண்ணீரும் இல்லை, மடையும் அடைத்திருந்தது. வழக்கம்போல் மட்டத்தைக் குறித்து, மறுநாள் கம்பத்துக்குப் போய் நிரலில் கொடுத்தேன். கரண்ட் இல்லாத அன்றும் தோப்பு மோட்டார் ஓடியதாக நிரல் சொன்னது. எவ்வளவு இறைத்தது என்பதைக்கூடச் சொன்னது.

கரண்டே இல்லாத நாளில் மோட்டார் ஓடியிருக்கிறது! அங்கேயே உட்கார்ந்து ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். வாய்க்கால் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஒரே ஒரு தொட்டி. அதில் ஒரு கோடியே எழுபது லட்சம் லிட்டர் தண்ணீர். எங்கள் குளம் நிறைந்தால் அவ்வளவுதான் இருக்கும். வெயில் அதில் விநாடிக்கு அரை லிட்டர் குடிக்கிறது. லட்சம் விநாடி ஓடவிட்டேன். தொட்டியில் மிச்சம் ஒரு கோடியே எழுபது லட்சம் லிட்டர். ஒரு சொட்டு குறையவில்லை.

அந்தக் கார்டு ஓர் எண்ணில் முதல் ஏழு இலக்கத்தைத்தான் நம்பகமாக வைத்துக்கொள்ளும். ஒரு கோடியே எழுபது லட்சத்தை எழுதவே எட்டு இலக்கம் வேண்டும். அதிலிருந்து அரை லிட்டரைக் கழித்தால், கழித்த கையோடு பழைய எண்ணுக்கே முழுமையாக்கிவிடும். அடுத்த விநாடியும் அதே கதை. இப்படி வெயிலும் மண்ணும் குடித்த தண்ணீர் கணக்கில் குறையவே இல்லை; குளத்தில் குறைந்தது. அந்த வித்தியாசம் முழுவதையும் என் நிரல் மோட்டாரின் தலையில் கட்டிவிட்டது. இலக்கங்கள் உதிர்வதைப் பற்றி வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். என்னை நானே இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கணவர் வந்ததும் அவர் மேல்தான் பாய்ந்தேன். "உங்க கார்டு கழிக்கக்கூடத் தெரியாத கார்டு!"

"ஏ புள்ள, அது படம் போடச் செஞ்ச கார்டு" என்றார் அவர். "பொண்ணோட பட்டுச்சேலையில ஒரு புள்ளி கோடியில ஒரு பங்கு செவப்புக் கூடிப்போச்சுன்னு எந்தப் பொண்ணு வீட்டுக்காரக வந்து சண்டை போடுவாக? கண்ணுக்கு அது போதும். வேகந்தான் முக்கியம்."

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உட்கார்ந்து படித்தபோதுதான் உறைத்தது. சிப் என்பதும் ஐந்து சென்ட் மனை மாதிரிதான். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை. படத்துக்கான சிப்பில் குறுகிய எண்களைக் கணக்கிடும் உறுப்புகளை நெருக்கிக் குவித்திருக்கிறார்கள். உருவங்களுக்குத் துணி போர்த்துவது போல வண்ணத்தை விரித்துப் பூசவும், வீடியோவைச் சுருக்கவும், மானிட்டருக்கு அனுப்பவும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வேண்டிய பதினைந்து இலக்கக் கணக்குக்கு ஒப்புக்குக் கொஞ்சம் உறுப்புகள். கணக்குக்கென்றே செய்த சிப்பில் இது தலைகீழ். நீள எண்களுக்குத் தாராளமாக இடம், அகலமான நினைவகப் பாதை, நினைவகத்தில் ஓர் இலக்கம் பிசகினாலும் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வசதி. அதற்கு விலையாக, படம் காட்டும் வேலையையே பலவற்றில் தூக்கிவிட்டார்கள். இரண்டையும் முழுதாக வைத்தால் சிப் பெருத்துவிடும், சூடு ஏறும், வாங்க ஆள் இருக்காது. யாரும் ஏமாற்றவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விட்டது என்ன என்று நான்தான் கேட்கவில்லை.

மாமாவிடம் போய்த் தொட்டிக் கதையைச் சொன்னேன். ஒரு மாதமாக முறுக்கிக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று இறங்கி வருவாரா?

"தொட்டிக் கணக்கு வேற, வாய்க்காக் கணக்கு வேற. முழுசாப் போட்டு எடுத்துட்டு வா. அப்புறம் பாப்பம்."

முழுக் கணக்கையும் பதினைந்து இலக்கத்தில் ஸ்டுடியோ கார்டில் ஓட்டினால் அறுப்பே முடிந்துவிடும் என்று தெரிந்தது. உதிர்கிற அரை லிட்டரைத் தனியே சேர்த்துவைத்துக் கழிக்கலாம். அப்படி ஒரு வழியும் உண்டு. ஆனால் ஒரு மனிதரைத் திருடர் என்று சொன்ன நிரலில் ஒட்டுப் போட்டு நம்ப எனக்குத் தைரியம் இல்லை. எங்கோ பெரிய கம்ப்யூட்டர் கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பழைய கணக்குக் கார்டு ஒன்றைத் தேனியில் ஒரு கடைக்காரர் மூலம் வரவழைத்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் கணவர் கார்டை முன்னும் பின்னும் புரட்டினார். "மானிட்டர் வயர எங்கன மாட்டுறது?"

"மாட்ட முடியாது. இதுல படம் வராது."

"காத்தாடி எங்க?"

"அதுவும் கிடையாது. அங்கன கூடத்துல புயல் மாதிரிக் காத்து அடிக்குமாம். அத நம்பிச் செஞ்சது."

"படமும் வராது, காத்தும் வராது. நல்ல சாமானாப் பாத்து வாங்கியிருக்க" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கே வேலையில் இறங்கியவரும் அவர்தான். படத்துக்கு அவர் கார்டு, கணக்குக்கு என் கார்டு என்று இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் பொருத்தினார். காற்றுக்கு அவரிடம் ஒரு ப்ளோயர் இருந்தது. திராட்சைத் தோட்டத்தில் கல்யாணப் பெண்ணை நிறுத்திக் கூந்தலைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பாரே, அந்த ப்ளோயர். திராட்சை அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, குழாய்போல் ஒட்டி, காற்று நேராகக் கார்டுக்குள் போகும்படி செய்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. கடையில் ஆட்கள் இருந்ததால் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெளிப்புறப் படப்பிடிப்பு இருந்தால் ப்ளோயர் போய்விடும், கணக்கும் நின்றுவிடும். அந்த மாதம் கம்பத்துப் பெண்களின் கூந்தல் பறந்த நாளெல்லாம் என் ஆய்வு படுத்துக்கொண்டது. எட்டாம் நாள் மத்தியானம் முடிவு வந்தது. முதலில் கரண்ட் இல்லாத நாளைப் பார்த்தேன். மோட்டார் பூஜ்யம். வெயிலும் மண்ணும் குடித்தது லிட்டர் பிசகாமல் பொருந்தியது. பிறகு எங்கள் சண்டைக்கு முந்தைய நாட்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு மாமாவைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவரிடம், "தப்பு எம்மேலதான் மாமா" என்பதை மட்டும் சொன்னேன்.

மாமா மோட்டார் அறையைத் தாண்டி வரவில்லை. அங்கேயே நின்று தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோப்புக்காரரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "மன்னிச்சிருங்க. வெயில் குடிச்சத உங்க தலையில கட்டிட்டேன்" என்றேன்.

அவர் ஓவென்று சிரித்தார். "வெயில விட்டுட்டு என்னையப் பிடிச்சியாக்கும்! விடு தாயி."

"இன்னொன்னும் வந்திருக்கு. நோட்டுல உங்களுக்கு மூணு மணி நேரம். ஆனா சண்டைக்கு முந்தி மோட்டார் ஒருநாளும் ரெண்டேகாலுக்கு மேல ஓடல. மிச்சமெல்லாம் எங்க வயலுக்குத்தான் வந்திருக்கு."

திருடர் என்று சொன்னபோதுகூட நிமிர்ந்து நின்றவர், இப்போது கையும் களவுமாக அகப்பட்டவரைப் போல முழித்தார். "அதையுமா கண்டுபிடிச்சிருச்சு?" என்று குரலைத் தாழ்த்தினார். "தென்ன ரெண்டு நாள் பொறுக்கும். கடைமடை நெல்லு பொறுக்குமா? அவன்கிட்டச் சொல்லிராத தாயி. தெரிஞ்சா வாங்க மாட்டான்."

தோப்பில் அவ்வளவு அமைதி. மாமாவுக்கு எல்லாமே கேட்டிருந்தது. "ஏலே" என்றார். குரல் உடைந்திருந்தது. தோப்புக்காரர்தான் போய், "வாடா, டீக்குடிப்பம்" என்று அவர் தோளில் கையைப் போட்டார். நான் ஒரு ஓரமாக நின்று நன்றாக அழுதேன், சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு முறை வரும் நாளெல்லாம் மாமா விடியக்காலையிலேயே மோட்டார் அறைக்குப் போய்விடுகிறார், தோப்புக்காரர் மூன்று மணி நேரமும் முழுதாகப் பாய்ச்சுகிறாரா என்று காவல் பார்க்க. அவர் ரெண்டேகாலில் நிறுத்துவார். இவர் மறுபடி போடுவார். அவர் நிறுத்துவார். கத்தல் ரோடு வரை கேட்கிறது. என் ஆய்வேட்டில் வாய்க்காலின் எல்லா இடத்துக்கும் நீரளவைப் பதினைந்து இலக்கத்துக்குத் துல்லியமாகக் கொடுத்துவிட்டேன். அந்த மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.