ஒன்றேகால் மணித்தியாலம்

தங்கச்சி சென்னையிலிருந்து அம்மாவுக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாள் என்று கேட்டதும் முதலில் சிரித்தேன். கடலைக் கண்டாலே கண்ணை மூடுகிற அம்மாவா பறக்கப் போகிறார்?

நான் கலியாணம் கட்டி நெடுந்தீவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம். அம்மா இருப்பது வேலணையில். குறிகட்டுவான் வரை பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் படகு, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அம்மா ஒரு நாளும் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவருக்கு முழங்கால் மடங்காது என்பதற்காகப் போன வருடம் யாழ்ப்பாணத்தில் கொமட் ஒன்று வாங்கி, உடைந்துவிடுமென்று படகில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய் வீட்டுக் கக்கூசில் பூட்டினேன். ஊரே பார்த்துச் சிரித்தது.

"இப்ப வாங்கோ அம்மா" என்றேன்.

"கடல் எனக்கு ஒத்துவராது பிள்ளை. தலை சுத்தும்."

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று போனில் தேடினேன். தூரமும் நேரமும் உடனே வந்தன. ஒன்றேகால் மணித்தியாலமாம். வேலணையிலிருந்து நெடுந்தீவுக்குத் தேடினேன். பாதை இல்லை என்றது. வந்த ஆத்திரத்தில் போனை எறிந்திருப்பேன். அதுவும் தங்கச்சி வாங்கித் தந்த போன்.

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க, விசாப் படிவம் நிரப்ப, பலாலி விமான நிலையத்துக்கு வான் பிடிக்க எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். பார்க்கப் போவது அவள் வீட்டை. பொறாமையா என்றால் பொறாமைதான். விசா கிடைக்கக் கூடாதென்று நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திகூட வைத்தேன். வைத்த கையோடு பயந்துபோய் மன்னிப்பும் கேட்டேன். விசா இரண்டாம் கிழமையே வந்துவிட்டது.

பலாலிக்குப் போகும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"சென்னைக்கும் கடலுக்கு மேலாலைதானே அம்மா போறது?"

"மேலாலை போனால் ஒண்டும் தெரியாதாம். தங்கச்சி சொன்னவள்."

"பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா அவள் அங்கை தனிய இருக்கிறாள், பாவம்."

அந்தத் தனிமைக்குள் புருஷன், மாமன், மாமி, மச்சாள், சமையலுக்கு ஒரு பெண் எல்லோரும் அடக்கம்.

அன்று பின்னேரமே அம்மா சென்னையிலிருந்து அழைத்தார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஒரு கரைச்சலும் இல்லை பிள்ளை. யன்னல் பக்கம் இருந்து கடலைப் பாத்துக்கொண்டே வந்தனான். நல்ல வடிவு."

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு ஆசை எழும்பியது.

"அப்ப திரும்பி வந்ததும் எங்கடை வீட்டையும் ஒருக்கா வாங்கோவன்."

பக்கத்தில் தங்கச்சி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

"வர விருப்பம்தான்" என்றார் அம்மா. "ஆனா அவ்வளவு தூரம் எனக்கு ஏலாது பிள்ளை."