மூன்று நிமிடத்தில் பிள்ளைச்சாவடி

என் அண்ணன் மேடையில் பேச எழுந்தால், உப்பளம் பகுதியில் எங்கள் தெருக்காரர்கள் டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவார்கள். பேச்சு மோசம் என்று சொல்ல முடியாது. விஷயத்துக்கு வர நேரமாகும், அவ்வளவுதான். மேடையில் இருப்பவர்கள், முன்வரிசைக்காரர்கள், மைக்செட்காரர், பந்தல் போட்டவர் என ஒவ்வொருவரையும் 'அவர்களே' சேர்த்து விளித்த பிறகே பேச்சு தொடங்கும். கவுன்சிலராக இருந்த அவரை எம்.எல்.ஏ. ஆக்கியதே அந்த 'அவர்களே'தான் என்பது என் கணிப்பு. பந்தல்காரர் பெயரை வேறு யார் மேடையில் சொன்னார்கள்?

எம்.பி. ஆகி டெல்லிக்குப் போனதும் அதுவே தலைவலியாயிற்று. நாடாளுமன்றத்தில் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேச அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். தாண்டினால் மைக்கை அணைத்துவிடுவார்கள். பேச வேண்டியதோ பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தைப் பற்றி. அங்கே கடல் கரையை அரித்து வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் வீட்டில் கடலோரத்து அறை போய்விட்டது. அடுப்படியும் ஓர் அறையும்தான் மிச்சம். ஓட்டுக் கேட்டுப் போனபோது, அலையைத் தடுக்கக் கரையில் கல் கொட்ட ஏற்பாடு செய்கிறேன் என்று அண்ணன் அவரிடம்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பேச்சுக்காக டெல்லி கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஒத்திகை. நான் போனில் அலாரம் வைத்தேன். அண்ணி மடியில் முருங்கைக்கீரையோடு சபாநாயகராக உட்கார்ந்தார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, அமைச்சர் பெருமக்களே, எதிர்க்கட்சித் தலைவர் அவர்களே..." என்று தொடங்கி, அண்ணன் வரிசை வரிசையாகப் போனார். அலாரம் அடித்தது. பிள்ளைச்சாவடி இன்னும் வரவில்லை.

"உக்காருங்க" என்றார் அண்ணி, கீரையை ஆய்ந்தபடி.

"இரும்மா. மரியாத இல்லாம எப்புடி நேரா பேசறது?"

"பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே கததான். எங்க தெருவையே நலம் விசாரிச்சீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ண்ணா, அந்தக்கா ஊட்டுக்குள்ள கடலு வணக்கம் சொல்லிட்டா வருது?" என்றேன் நான்.

அண்ணன் சிரித்தார். ஆனால் அன்று எத்தனை முறை முயன்றும் பிள்ளைச்சாவடியைத் தொடாமலே உட்கார்ந்தார்.

அவர் பேசும் நாளில் நான் காலாப்பட்டு பஸ் பிடித்து அந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். தெருவே டிவி முன்னால் இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அலைச் சத்தம் கேட்டதால், டிவியை உரக்க வைத்திருந்தார்கள்.

அண்ணன் எழுந்தார். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்றவர், நிறுத்தி இடமும் வலமும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுத்து யாரை விளிக்கலாம் என்று தேடுகிறார்.

"வேணாம்ணா, வேணாம்" என்று கத்தினேன்.

என்ன தோன்றியதோ, நேராக அவையைப் பார்த்தார். "பிள்ளைச்சாவடியில் ஓர் அக்கா வீட்டில் கடல் அடுப்படிவரை வந்துவிட்டது" என்றார்.

தெரு ஆர்ப்பரித்ததில் அடுத்த சில சொற்கள் கேட்கவில்லை. கல், கரை, எத்தனை குடும்பம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நேரம் மிச்சம் வைத்து உட்கார்ந்தார் என் அண்ணன்! நான் பக்கத்தில் இருந்த அம்மாளைக் கட்டிக்கொண்டேன். யார் என்று இன்றுவரை தெரியாது.

"என் ஊட்டத்தான் சொன்னாரு, கேட்டீங்களா? டெல்லிக்கே தெரிஞ்சுபோச்சு என் அடுப்படி" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அண்ணன் போன் செய்தார். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நல்லா பேசுன தம்பி. கல்லு எப்ப வரும்?"

அமைச்சர் கூப்பிட்டு விசாரித்தாராம். முதலில் ஆள் அனுப்பிக் கரையைப் பார்ப்பதாகச் சொன்னாராம்.

"வரட்டும், வஞ்சிரம் வறுத்து வெக்கறேன்" என்றார் அக்கா. "அடுப்படி இருக்கறப்பவே வரச் சொல்லு."