இதோ வர்றேன்

வீட்டில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளிதான். பல்லி விழுந்தால் தெருவையே கூட்டிவிடுவாள். அவள் போய் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் போனாள், பயிற்சியையும் முடித்தாள். நாளைக்குக் கோயிலில் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி எடுக்கும் சடங்கு.

மடத்துத் தலைவியான மதர் அவள் பெயரைச் சொல்லி அழைத்ததும் எழுந்து, "இதோ வருகிறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பாழாய்ப்போன அந்த இரண்டு வார்த்தை, ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் சிக்கியது. காரணம் அவளுக்குத் தெரியும். வார்த்தைப்பாடு முடிந்தால் மடத்து ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில்தான் வேலை. அங்கே கடைசி அறையில் ஒரு லாரி டிரைவர். இருமினால் ரத்தம் வரும், கோபம் வந்தால் தட்டு பறக்கும். அந்த வாசலை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவாள்.

அன்று மத்தியானம் அண்ணன் வந்தான். வார்டு வராந்தாவில் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. பையை எடு, அடுத்த பஸ்ஸுக்கே போயிடலாம்."

அழுதுகொண்டே போய்ப் பையை எடுத்து வந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, அப்பாடா என்றும் இருந்தது.

அப்போது கடைசி அறையில் இருமல் கேட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. "சிஸ்டர்! சிஸ்டர்!"

"இதோ வர்றேன்!"

யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பை கீழே கிடந்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டே ஓடினாள்.

படுக்கையெல்லாம் ரத்தம். அவ்வளவு பெரிய ஆள் சுவரோடு ஒண்டிக்கொண்டு, "போயிடாதீங்க சிஸ்டர். பயமா இருக்கு" என்றார்.

பயப்படாதீங்க என்று சொல்லத்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"எனக்கும்தாண்ணே. பாருங்க, கையெல்லாம் எப்படி உதறுதுன்னு."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்களே!"

உதறுகிற கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் அண்ணன் பையோடு நின்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"நீ கிளம்புண்ணே. போறப்ப மதரை வரச் சொல்லு. பையை என் ரூம்ல வெச்சுடு."

மறுநாள் கோயிலில் மதர் அழைத்ததும், ஒத்திகையெல்லாம் மறந்துபோய், "இதோ வர்றேன்!" என்று கத்தினாள். கோயிலே சிரித்தது. பயம் மட்டும் விடவில்லை, முழங்கால் வெடவெடவென்று ஆடியது. ஆடிய காலோடுதான் எழுந்து நடந்தாள்.