உண்ணிக்குப் போட்ட மருந்து

ஆரணியைத் தாண்டி போளூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. தோளில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை. சேவூரில் நான் வேலை பார்த்த தறிக்காரர் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனைவி, "சாப்ட்டுட்டுப் போ தம்பி" என்றிருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. முந்தின நாள் காலையில் அவளுடைய நாய் செத்துப்போயிருந்தது. சாகும்படி செய்தவன் நான்.

அது எழுபத்தெட்டு அல்லது எழுபத்தொன்பதாம் வருடமாக இருக்கும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுகிறவன், கல்லுடைக்கிற இடத்தில் கூடை தூக்குகிறவன் என்று எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அந்தத் தறிக்காரர் வீட்டில்தான் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். அவரை அண்ணா என்பேன், அவளை அண்ணி என்பேன். அவர் பட்டுச் சேலை நெய்வார், அவள் நூல் சுற்றுவாள். நான் இருவருக்கும் எடுபிடி.

நாய் ஒரு செம்பட்டைப் பெட்டை. ஏதோ ஒரு மழையில் வந்து ஒதுங்கியது, போகவில்லை. அதற்குப் பெயர் கிடையாது. அண்ணி "ஏ" என்றால் வரும், மற்றவர்கள் "ஏ" என்றால் வராது. பகலில் தறிக்குழியில் அண்ணாவின் கால்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். குழி குளிர்ச்சியாக இருக்கும். அவர் தறியின் மிதிக்கட்டையை மிதிக்கும்போதெல்லாம் அதன் முதுகில் கால் உரசும். அவரும் விரட்டியதில்லை.

அந்தக் கோடையில் நாய்க்கு உண்ணி பிடித்தது. காது மடலிலும் கழுத்திலும் விரல் இடுக்குகளிலும் ஆமணக்கு விதை போலத் தொங்கின. அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவாள். மறுநாள் அதே அளவு இருக்கும்.

அப்போதுதான் ஒரு சேலை திரும்பி வந்தது. சந்தன நிறம், கல்யாண ஆர்டர். நெய்த சேலை சுற்றுகிற மரத்தில் ஒரு உண்ணி ஏறி நசுங்கி, நாலு மடிப்புக்கு ரத்தம் இறங்கியிருந்தது. நூல் கொடுக்கிற முதலாளி கடையில் நாலு பேருக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"இன்னாபா இது? பொடவையா, கொசு அடிச்ச செவுறா?"

அண்ணா அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இன்னோருவாட்டி இப்டி வந்துச்சின்னா உனுக்கு நூல் கெடையாது. வேற எடம் பாத்துக்க."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்ணா சொன்னார்: "தறியில அடுத்த பாவு நூலு ஏத்தறதுக்குள்ள ஒண்ணு உண்ணி போவணும், இல்ல நாய் போவணும். படவேட்டுக்கு அந்தாண்ட மலையோரம் உட்டுட்டு வந்துர்றேன்."

"அங்க அதுக்கு யாரு சோறு போடுவா?" என்றாள் அண்ணி.

"உனுக்கு யாரு சோறு போடுவான்னு நான் யோசிச்சிகினு கீறேன். நீ நாய்க்கு யோசி."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான், "அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டில் ஒரு உபயோகமாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

மருந்து தேடி அலைந்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேப்பெண்ணெய் என்றார்கள், அந்த எண்ணெய் பட்டில் ஒரு சொட்டு பட்டாலும் கதை முடிந்தது, அண்ணா கேட்கவே மாட்டார். மண்ணெண்ணெய் தடவிய பக்கத்துத் தெரு நாய் ஒன்று தோல் வெந்து, முதுகில் மயிர் இல்லாமல் திரிந்துகொண்டிருந்தது. சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசலாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றார் ஒருவர். புகையிலைத் தண்ணீரை நானே செய்து பார்த்தேன். நாய் ஒரு பொழுது முழுக்க வாந்தி எடுத்தது, உண்ணிகள் அப்படியே இருந்தன.

மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் நல்ல மனிதர்.

"தண்ணியில கலக்கிக் குளிப்பாட்டற மருந்து ஒண்ணு கீது. இப்ப ஸ்டாக் இல்ல. அடுத்த மாசம் வா."

"அதுவரைக்கும் தாங்காதுங்க."

"உண்ணியால ஒண்ணும் செத்துராது. கையால பொறுக்கு. ஜல்தியா எதுனா செய்யறன்னு பேஜார் பண்ணி வெக்காத."

தாங்காதது நாய் அல்ல, தறியில் ஏறக் காத்திருக்கிற பாவு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வெளியே வந்து உரக்கடையில் பி.எச்.சி. பவுடர் ஒரு பொட்டலம் வாங்கினேன். வயலில் பூச்சி சாகத் தூவுகிற விஷம். கடைக்காரர் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாய்க்கா? கொஞ்சமாத் தூவு. நக்க உடாத." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நான் கேட்டேன். கேட்கவில்லை என்றால் பொய்.

தூவினேன். நாய் ஒரு உதறு உதறியது. பொடி முழுவதும் சுற்றி வைத்திருந்த நூலின் மேல் வெள்ளையாகப் படிந்தது. அண்ணா கத்தினார். பொடி நாயின் மேல் நிற்க வேண்டும், நூலின் மேல் வரக்கூடாது. அதற்கு என்ன வழி என்று இரண்டு நாள் யோசித்தேன். பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பது எங்களுக்குப் பழகிய வேலை. கஞ்சி காய்ந்தால் நூலோடு நூலாகிவிடும், தறியில் எத்தனை அடி வாங்கினாலும் உதிராது. பொடியைக் கஞ்சியில் குழைத்து நாய்க்குப் பூசினால் என்ன?

"செய்யலாமே" என்றார் அண்ணா. அண்ணி கஞ்சி காய்ச்சினாள். நூலுக்குக் கஞ்சி தடவுகிற பழைய நார்க் குச்சு ஒன்றை அண்ணா எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். ஆனாலும் யோசனை என்னுடையது.

விடிந்ததும் தெருவில், பாவு கட்டுகிற கம்பத்தில் நாயைக் கட்டினேன். வாயைத் துணியால் சுற்றினோம். நான் தலையிலிருந்து வால் வரைக்கும் குச்சால் தடவினேன். தெருவே கூடிவிட்டது.

"டேய், நாய்க்குப் பாவு போடறாங்கடோய்!"

"எத்தினி மொழம் வரும் அண்ணா?"

"வாலுதான் முந்தானியா? ஜரிகை எங்க?"

அண்ணாகூடச் சிரித்தார். சேலை திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். நாயும் தன்னைச் சுற்றி இத்தனை பேரைப் பார்த்து வாலை ஆட்டியது.

மத்தியானத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டது. மயிர் விறைப்பாக நின்றது. உள்ளங்கையை அழுத்தி ஓட்டிப் பார்த்தேன், கையில் ஒரு துளி வெள்ளை இல்லை. உதிராது, வராது, வேலை முடிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த பாடம் அவ்வளவுதான். வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டேன்.

அது நேராகப் போய்த் தறிக்குழியில் படுத்து, முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. பிறகு வயிறு, தொடை. தினமும் அண்ணி வடித்துப் போட்ட கஞ்சியின் ருசி அதற்குத் தெரியும்.

"கஞ்சின்னு கண்டுகிச்சி பாரு திருடி" என்றாள் அண்ணி.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காய்ந்ததை நக்கி என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். நூலுக்கு நாக்கு கிடையாது, கஞ்சியைக் கரைக்க எச்சில் கிடையாது. இதை நினைக்க எனக்கு எட்டாவது வரைக்கும் படித்தது போதவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அதற்கு வாயில் நுரை வந்தது. காது துடித்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம், உள்ளே போனதை எதைப் போட்டுக் கழுவுவது? காலையில் சாக்கில் சுற்றி, அண்ணாவின் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணி சாக்கைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

கம்பவுண்டர் மோந்து பார்த்தார். டாக்டர் கேம்ப் போயிருந்தார்.

"இதுக்கு மாத்து மருந்து எங்கிட்ட இல்லம்மா. தோலு மேல தூவினாலே கொஞ்சம் உள்ள எறங்கும். நீங்க சோத்துல பெசஞ்சி குடுத்தாப்பல குடுத்துக்கீறீங்க."

அண்ணி சாக்கை இழுத்து நாயின் மேல் மூடினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாய் மேல இருக்கறது கொஞ்சந்தாம்பா. மீதி எல்லாம் செவுத்து வெடிப்புல, குழியில குடும்பம் பண்ணிகினு கீது. அத்த அடைச்சி சுண்ணாம்பு அடிச்சிட்டு, நாயக் கையால பொறுக்கியிருந்தாலே போதும்."

திரும்பி வரும் வழியில் சாக்கு அசையவில்லை. ஏரிக்கரையில் அண்ணா குழி வெட்டினார். புதைக்கும் முன் அண்ணி முந்தானையை நனைத்து, நாயின் காதிலும் கழுத்திலும் இன்னும் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது லேசில் வரவில்லை. "போதும் உடு" என்றார் அண்ணா. அவள் விடவில்லை. நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் தட்டை எனக்குத்தான் வைத்தாள்.

மறுநாள் காலையில் சுவர் முழுக்க உண்ணி. கடிக்க நாய் இல்லாததால் வெடிப்புகளை விட்டு வெளியே வந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. தறியில் ஏற்றியிருந்த புதுப் பாவின் மேல் ஒன்று, சின்னது, பசியில் தட்டையாக ஊர்ந்தது. அண்ணா அதை நகத்தால் எடுத்தார். நசுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

நான் அன்று முழுவதும் வெடிப்புகளுக்கு மண் பூசி, சுண்ணாம்பு அடித்தேன். கம்பவுண்டர் சொன்னதைத்தான் செய்தேன், நாய் போன பிறகு. அண்ணி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருமுறை பழக்கத்தில் "ஏ" என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். சுண்ணாம்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆரணிக்குள் ரயில் வராது. ஆரணி ரோடு என்று பெயர் போட்ட ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. அங்கே நடந்து போய்ப் படுத்தேன். எந்த வண்டியில் ஏறுவது என்று முடிவு செய்ய முடியவில்லை, எந்த ஊரும் ஞாபகத்துக்கு வரவில்லை. காலையில் பக்கத்தில் இருந்த ஒரு ரைஸ் மில்லில் போய் நின்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை தூக்க ஆளு கீது. களத்துல அவிச்ச நெல்லு காயுது, கோழி, ஆடு, நாயி வராம பாத்துக்கணும். செய்வியா?"

"செய்யறேங்க."

"நாயின்னா பயமில்லியே? சூடு கண்டா வந்து படுத்துக்கும், அடிச்சாத்தான் எழுந்துக்கும்."

"பயமில்லீங்க."

ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தார். களத்து ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. கழியைத் தரையில் தட்டிக்கொண்டு அவற்றை நோக்கி நடந்தேன்.