ரெஜினா போட்ட உத்தேசக் கணக்கு

ரெஜினா யாப்லோன்ஸ்கிக்கு வாய் நீளம். அந்த வாயை வைத்துத்தான் முப்பது வருடம் பிழைத்தாள். பென்சில்வேனியாவின் மலைப்பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கேவிகன் டைனர் என்ற சாப்பாட்டுக் கடையில் அவள் பரிமாறினாள், நான் அடுப்படியில் நின்றேன். காபி ஊற்றிக்கொண்டே லாரி டிரைவர்களை வம்புக்கு இழுப்பாள். "உன்னை வச்சிக்கிட்டு உன் பொண்டாட்டி எப்படித்தான் காலம் தள்றாளோ!" என்பாள். திட்டு வாங்கியவன்தான் தட்டுக்கடியில் ஒரு நோட்டைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போவான்.

அந்த நோட்டுகள் நேராக அவளுடைய ஏப்ரன் பைக்குள் போகும். டிப்ஸாக வருவதை முதலாளியிடம் சொல்லிச் சம்பளமாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதலாளி கேவிகனே அதற்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "குறைஞ்சபட்சக் கூலியைத் தொடற வரைக்கும் எழுதும்மா. அதுக்கு மேல எழுதினா உனக்கும் வரி, எனக்கும் வரி." பரிமாறும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

எனக்கு டிப்ஸ் கிடையாது. வரி பிடித்துக்கொண்டு மிச்சம் செக்காக வரும். "பாவம்யா வால்ட், கவர்மென்ட்டுக்கு அடுப்பெரிக்கிறான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிப்பாள் ரெஜினா. வெள்ளிக்கிழமை பீர் மட்டும் அவள் செலவு. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

டிசம்பரில் ஒரு நாள் அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டில் எண்ணெய்ப் பிசுக்கு பற்றிக்கொண்டு சமையலறை எரிந்தது. "ஏப்ரல்ல திறந்துடுவேன், யாரும் எங்கயும் போயிடாதீங்க" என்றார் கேவிகன். பனி கொட்டுகிற மாதங்களில் எங்கள் ஊரில் எவனும் ஆள் எடுக்கமாட்டான். அதுவரை மாநில அரசு தரும் வேலையில்லா உதவித்தொகைதான் கதி.

ரெஜினா மாடி வீடு ஒன்றில் தனியாக வாடகைக்கு இருந்தாள். உதவித்தொகை வாடகைக்குக் கட்டுப்படியானால் ஏப்ரல் வரை தாக்குப்பிடிப்பாள். இல்லாவிட்டால் ஒஹாயோவில் இருக்கும் தங்கை ஐரீன் வீடுதான். ஐரீனோடு ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டைக்கூட அவள் சண்டையில்லாமல் முடித்ததில்லை. அறுபதை நெருங்குகிறவள், ஒருமுறை வீட்டைக் காலி செய்தால் திரும்பி வரமாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. பாரில் உட்கார்ந்து காகிதத் துண்டில் கணக்குப் போட்டாள்.

"வாரம் எண்ணூறு டாலர் பாத்தேனா? அதுல பாதி குடுப்பாங்களாம். நானூறு. வாடகை போக பீருக்கே மிஞ்சும்யா!"

"எண்ணூறு பாத்தது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"வாயைக் கழுவு. போய்ப் பாத்துடுவோம், வா."

கம்ப்யூட்டருக்காக நூலகத்துக்குப் போனோம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் எவ்வளவு வரும் என்று பார்க்க அரசின் இணையதளத்தில் ஒரு உத்தேசக் கணக்குப் பக்கம் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் செய்ததோ! காலாண்டு வாரியாகச் சம்பளம் போடு என்றது. எந்தக் காலாண்டு என்று பார்த்தால், போன ஆறு மாதத்தைத் தொடவே தொடாதாம். அதற்கு முந்தைய வருடம்தான் வேண்டுமாம். மான் வேட்டைக்காரர்கள் வந்து டிப்ஸை வாரிக் கொட்டிய இந்த நவம்பர் போச்சு. ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டது. நான் மேசையைக் குத்தினேன். நூலகப் பெண் முறைத்தாள்.

என் கணக்கை முதலில் போட்டோம். வாரம் முந்நூற்று அறுபது.

பிறகு ரெஜினா தன் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அதில் இருந்ததை இருந்தபடி அடித்தாள். வாரம் நூற்று இருபத்தேழு.

"தப்பா அடிச்சிட்டேன் போல."

இன்னொரு முறை அடித்தாள். அதே நூற்று இருபத்தேழு. மாதத்துக்குச் சேர்த்தாலும் வாடகைக்கே துண்டு விழும்.

"இது யாருதுய்யா? இது நான் இல்ல" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மேலும்தான். அவளுடையதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என் பெயருக்கு எதிரே நின்றது. இத்தனை வருடக் கிண்டலுக்கு அன்றைக்கு நான் சிரித்திருக்க வேண்டும். மவுஸை உருட்டிப் பக்கத்தின் கடைசி வரை போனேன்.

அங்கே ஒரு வரி இருந்தது. பதிவான சம்பளம் தவறு என்றால் முறையிடலாம் என்றது.

"முறையிடு ரெஜி. டிப்ஸ் வாங்கினேன்னு சொல்லு. நான் சாட்சிக்கு வரேன்."

"சொன்னா?"

"சம்பளத்தைத் திருத்துவாங்க."

"திருத்துவாங்க. அப்புறம் பழைய வரியெல்லாம் எங்கன்னு கேப்பாங்க. கேவிகன் மேல அபராதம் போடுவாங்க. அவன் ஏப்ரல்ல கடையைத் திறப்பானா? மத்த பொண்ணுங்க பொழப்பும் நாறிப் போகும்யா."

"கேவிகன் சொல்லித்தானே எழுதின!"

"எழுதின கை யாருது?"

நான் சம்பளச் சீட்டுகளை அடுக்கினேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

நூலகத்து வாசல்படியில், பனியில் நின்றபடியே ஐரீனுக்குப் போன் போட்டாள். கை விறைத்ததோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஐரீன், உங்க வீட்டுப் பின் ரூம் காலியாத்தானே கெடக்கு?"

"ஏன்க்கா?" ஐரீனின் குரலில் சிரிப்பு இருந்தது. "நீதான் கை நிறைய பாக்கறவளாச்சே! என் வீட்டுக்காரரைவிட ஜாஸ்தி சம்பாதிக்கிறேன்னு போன கிறிஸ்துமஸுக்குக்கூட மேஜையைத் தட்டிச் சொன்னியே. அவ்வளவும் எங்க போச்சு?"

ரெஜினா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"சும்மா சொன்னேன்டி" என்றாள். "அவ்வளவெல்லாம் நான் எப்பவும் சம்பாதிச்சதில்ல."